விசயம் வந்துட்டா?

அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், எங்கிருந்தாவது இதைப் படித்துவிட்டு, "முதல் வரியில எம் பேரு எதுக்கு? படிக்கவங்களுக்கு அதால என்ன உபயோகம்?" என்று ஒரு மெயில் அனுப்புவார். அந்த மெயிலில் 'அன்புள்ள' இருக்காது, 'நலமா' இருக்காது, கேள்வி மட்டும் இருக்கும். அலுவலகத்தில் நாங்கள் மேடம் என்று கூப்பிட்டோம். இங்கேயும் மேடமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

தில்லியில், மயூர் விஹாரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் எங்கள் கம்பெனி இருந்தது. வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். முதலாளி குப்தா ஜி ஆள் பிடித்து வருவார், நான் வடிவமைத்துக் கட்டுவேன். கட்டின வீட்டில் குடிவைக்க ஒன்றும் இருக்காது. வாடிக்கையாளர்கள் வண்ணம் சொல்வார்கள், லோகோ பெரிதாக வேண்டும் என்பார்கள், பக்கத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால் மட்டும் "அதெல்லாம் நீங்களே பார்த்துப் போடுங்கள்" என்று போனை வைத்துவிடுவார்கள். அந்தப் பார்த்துப் போடும் வேலைக்குத்தான் குப்தா ஜி மேடத்தை எடுத்தார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கணவருக்கு மத்திய அரசு வேலை, மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக் குறைய. இந்தி, ஆங்கிலம், தமிழ் மூன்றையும் திருநெல்வேலித் தமிழின் இழுப்போடு பேசுவார்.

நான் இதே தில்லியில், துவாரகாவில் பிறந்து வளர்ந்தவன். கும்பகோணத்துப் பெற்றோரின் தமிழ் வீட்டில், மற்றதெல்லாம் வெளியில். எனக்கு அவரை முதல் ஆறு மாதம் பிடிக்கவே இல்லை. இதை மறைக்க விரும்பவில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று காலை வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையில் ஒரு மிட்டாய்க்கடையின் முகப்புப் பக்கம். இரண்டு வாரம் இழைத்து இழைத்துச் செய்தது. மேலே ஜிலேபி, கீழே வரிசையாக மூன்று பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு வரி லத்தீன். எங்கள் தொழிலில் அப்படித்தான். உண்மையான எழுத்து வருகிறவரை இடத்தை அடைக்க அர்த்தமில்லாத லத்தீன் போன்ற ஒன்றைக் கொட்டி வைப்போம்.

"இது என்ன பாஷை சார்?"

"லத்தீன் மாதிரி மேடம். டம்மி டெக்ஸ்ட்."

"மாதிரின்னா?"

"அர்த்தம் கிடையாது. சும்மா இடத்தை அடைக்கறதுக்கு."

குனிந்து நான்கு வரியையும் வாய்விட்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு. மூணு பெட்டி எதுக்கு?"

"மூணு இருந்தாதான் பேலன்ஸ்டா இருக்கும்."

"கடைக்காரருக்குச் சொல்லுததுக்கு மூணு விசயம் இருக்கா?"

எனக்கு எப்படித் தெரியும்? அவரே கடைக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் இந்தியில் பேசினார், நடுவில் சிரித்தார், நான்கு முறை 'அச்சா' சொன்னார். திரும்பி வந்து, "ரெண்டுதான் இருக்கு. எதுலயும் முட்டை கிடையாது. திங்கக்கிழமை லீவு. மூணாவது பெட்டியில என்ன வைக்கப் போறீங்க?" என்றார்.

அன்று மாலைக்குள் மூன்று பெட்டியும் போய் இரண்டு வரி ஆனது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "அட, இதைத்தான் தினம் நூறு பேர் கேட்கிறார்கள்" என்று குப்தா ஜியிடம் சந்தோஷப்பட்டாராம். அவர் என் ஜிலேபியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மேடம் எனக்குக் காலை வணக்கம் சொன்னதே இல்லை. பையை மேஜையில் வைப்பார், தண்ணீர் குடிப்பார், "விசயம் வந்துட்டா?" என்பார். வரவில்லை என்றால் என்னைத் திரையில் ஒரு கோடு போட விடமாட்டார். எழுத வேண்டியதை முதலில் வெறும் வெள்ளைத் தாளில், வண்ணமில்லாமல், படமில்லாமல் எழுதிச் சுவரில் ஒட்டுவார். அதை நாலு நாள் போகவர எல்லோரும் படிக்க வேண்டும். கூரியர்காரர் படிப்பார், மேல்வீட்டு அம்மா படிப்பார். "என்ன புரிஞ்சுது?" என்று அவர்களைக் கேட்பார். புரியாவிட்டால் தாளைக் கிழித்து வேறு ஒட்டுவார். புரிந்த பிறகுதான் எனக்கு உத்தரவு வரும். நான் வடிவமைப்பாளனா, சுவரொட்டி பார்க்கக் காத்திருப்பவனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இது அலுவலகத்தோடு நிற்கவில்லை. குடியிருப்பு சங்கம் மின்தூக்கிப் பக்கத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அன்பார்ந்த குடியிருப்பாளர்களுக்கு என்று தொடங்கி, சங்கத்தின் அயராத உழைப்பு, புதிய மோட்டார், ஒத்துழைப்புக்கு நன்றி என்று ஒரு பக்கம் போய், கடைசி வரியில் நாளை தண்ணீர் வராது. மேடம் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக் கடைசி வரியைச் சுற்றி வட்டம் போட்டு, மேலே கொண்டுபோக அம்புக்குறி வரைந்துவிட்டு வந்தார். சங்கத் தலைவர் எங்கள் கதவைத் தட்டிச் சண்டைக்கு வந்தார். மேடம், "பாயி சாப், நீங்க இன்னைக்குத் தண்ணி பிடிச்சு வச்சுட்டீங்களா?" என்று இந்தியில் கேட்டார். அவர் வைத்திருக்கவில்லை. தான் எழுதிய நோட்டீஸைத் தானே கடைசி வரை படித்ததில்லை போலும், அப்படியே திரும்பி வீட்டுக்கு ஓடினார்.

மேடம் வருவது மெட்ரோவின் பிங்க் லைனில். கூட்டத்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருக்கும் மலிவான போனில்தான் என் பக்கங்களைத் திறந்து பார்ப்பார். நல்ல போன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று குப்தா ஜி சொன்னபோது, "நம்ம சைட்டப் பாக்கவங்க எல்லாரும் வாங்கட்டும், அப்புறம் நானும் வாங்குதேன்" என்றார். ஒரு பக்கம் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்பதை அவர் வினாடியில் சொல்லமாட்டார், ஸ்டேஷன் கணக்கில் சொல்வார்.

"ஆசிரமத்துல தட்டுனேன். நிஜாமுதீன் வந்த பொறவு தலைப்பு வந்துது. மயூர் விஹார்ல கதவு திறக்கும்போது ஒரு பொம்பளை சிரிச்ச மாதிரி படம், பாதி வாய் மட்டும் வந்துது. மீதிய நான் ஆட்டோவுலதான் பாத்தேன்."

நான் அந்தப் படத்தை எடுத்தேன். அடுத்த வாரம், "இப்ப ஆசிரமம் பிளாட்பாரத்தை விட்டு நகரதுக்குள்ள வந்துட்டு" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு என்று ஒன்று வந்திருந்தால் அதுதான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அது பாராட்டாகவே படவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது நாற்காலி விளையாட்டு. இரண்டு நாற்காலியை முதுகோடு முதுகாகப் போடுவார். ஒன்றில் அவர், தேடி வந்த ஆள். இன்னொன்றில் நான், வெப்சைட். அவர் கேட்பார், நான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பக்கத்தில் எழுதியிருப்பதை மட்டும்தான் வாசிக்கலாம், சொந்தமாக ஒரு சொல் கூடாது. ஒரு தமிழ்ப் பல் மருத்துவருக்குத் தமிழில் செய்த பக்கத்தை வைத்து முதல் தடவை ஆடினோம்.

"சார், பல்லு வலிக்கி. இன்னைக்கு டாக்டர் இருக்காரா?"

நான் வாசித்தேன். "எங்கள் பயணம் ஒரு புன்னகையில் தொடங்கியது."

"சார், ராத்திரி பூரா தூங்கல. எத்தனை மணிக்கு வரணும்?"

"உலகத்தரம், உள்ளன்பு, உயர்ந்த அனுபவம்."

"எங்க இருக்கீங்கன்னாவது சொல்லுங்க, நானே வந்துடுதேன்."

"எங்களைப் பின்தொடருங்கள்."

குப்தா ஜிக்குத் தமிழ் ஒரு எழுத்து தெரியாது. ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே விழுந்து விழுந்து சிரித்தார். நான் இரண்டு நாள் மேடத்தோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. மூன்றாம் நாள் பக்கத்தின் உச்சியில் டாக்டரின் நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு நானே போய்ப் பேசினேன்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ் மன்றத்தின் வேலை வந்தது. ஊரில் பல மன்றங்கள் உண்டு, இது சின்னது. செயலாளர் பணி ஓய்வு பெற்ற அதிகாரி. வரும்போதே ஒரு பென் டிரைவ் நிறையப் புகைப்படங்களோடு வந்தார். பதினேழு படங்கள், எல்லாவற்றிலும் யாரோ யாருக்கோ சால்வை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அவை முகப்பில் ஒன்றன்பின் ஒன்றாக நகர வேண்டும், அதன் கீழே அவருடைய செயலாளர் மடல் வர வேண்டும், பொங்கல் விழாவில் சிறப்பு விருந்தினர் தளத்தைத் தொடங்கி வைக்க வேண்டும்.

"உங்க மன்றத்துக்கு யாரு போன் பண்ணுவாங்க சார்?" என்றார் மேடம்.

"நிறையப் பேர் பண்ணுவாம்மா. பாதி பேர் ஊர்லேர்ந்து இங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு வரவா. இந்தி தெரியாது. யாராவது கூட வந்து பேசுவேளான்னு கேப்பா."

மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு தெரிந்துகொண்டேன், கல்யாணமாகி வந்த புதிதில், கணவர் வெளியூர் போயிருந்த நேரம், காய்ச்சலில் கொதிக்கும் கைக்குழந்தையோடு இவரும் அப்படி ஓர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருக்கிறார். ஒரு சொல் இந்தி தெரியாமல் இரண்டு மணி நேரம். குழந்தை பிழைத்தது. இவர் அதற்குப் பிறகுதான் இந்தி படித்தார். ஆகவே இந்தத் தளத்தில் அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவர் போட்டால் யாராவது எடுக்கும் ஒரு போன் நம்பர்.

செயலாளரை நாற்காலியில் உட்கார வைத்தார். நான் தடுக்கப் பார்த்தேன், நடக்கவில்லை. அவர் கையில் அவருடைய மடலைக் கொடுத்து, "நீங்கதான் வெப்சைட்" என்றார்.

"ஐயா, ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கேன். இந்தி தெரியாது. யாராவது வருவீங்களா?"

செயலாளர் தொண்டையைச் செருமினார். "தலைநகரில் தமிழ் மணம் பரப்பும் இந்நன்முயற்சியில் ஈடுபட்டுள்ள நாம்..." முழு மடலையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "நன்னா வந்திருக்கோல்லியோ? இன்னொரு தரம் வாசிக்கட்டுமா?" என்றார்.

மேடம் தோற்றது அந்த ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒரு சமாதானம் ஏற்பட்டது. சால்வைகள் அப்படியே இருக்கும், மடலும் இருக்கும், எல்லாவற்றுக்கும் அடியில் 'மருத்துவ உதவி' என்று ஒரு பெட்டி. அதில் ஒரு தொண்டரின் நம்பர்.

அந்த நம்பர் வரவேயில்லை. மன்றத்தில் அது தேர்தல் ஆண்டு. யார் நம்பர் வெப்சைட்டில் வருகிறதோ அவருக்குச் செல்வாக்கு ஏறிவிடும் என்று இரண்டு அணியும் பயந்தன. ஓர் அணி சொன்ன நம்பரை மற்ற அணி ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு நம்பரும் போடலாம் என்றால், எது மேலே எது கீழே என்று மூன்று கூட்டம் நடந்தது. செயலாளர் தினமும் "நாளைக்குத் தந்துடறேன்" என்றார்.

"காலியா விடாதீங்க, டம்மியும் போடாதீங்க" என்றார் மேடம். "உதவி எண் இன்னும் முடிவாகவில்லைன்னு எழுதுங்க. அதுவும் விசயம்தான்." அப்படியே எழுதினோம். விழாவுக்கு முந்தின நாள் செயலாளர் அதைப் பார்த்துப் பதறிப்போனார். சிறப்பு விருந்தினர் முன்னால் மன்றத்தின் மானம் போய்விடும், அந்த வரியை எடு என்றார். மேடம் அன்று விடுமுறையில் இருந்தார். நான் எடுத்தேன். எடுத்ததும் பெட்டி சுருங்கி, பக்கத்திலிருந்த புகைப்படத் தொகுப்பு மேலேறிப் போய் மடலின் மீது உட்கார்ந்துகொண்டது. அங்கே பத்து இலக்கம் இருந்தால் எல்லாம் நேராக நிற்கும். எந்தத் தளமானாலும் சோதித்துப் பார்ப்பதற்கு நான் போடும் பத்து இலக்கம் ஒன்று உண்டு, என் சொந்த மொபைல் நம்பர். அதைத் தட்டினேன். பெட்டி நேராக நின்றது. திங்கட்கிழமை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், மறந்துவிட்டேன்.

விழாவுக்கு மேடம் வரவில்லை. நம்பர் இல்லாத பக்கத்துக்கு நான் கைதட்ட மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். மற்ற எல்லோரும் தட்டினார்கள். இரண்டு அணிக்காரர்களும் அந்தப் புது நம்பரைப் பார்த்தார்கள். யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை, எதிர் அணியுடையது இல்லை என்பது மட்டும் தெரிந்தது, இரண்டு தரப்புக்கும் பரம திருப்தி. ஒருவர்கூட அதைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

புதன்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். பதினெட்டாவது சால்வைப் படத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது, தெரியாத நம்பர். தில்லியில் காலை நேரத்தில் தெரியாத நம்பர் என்றால் கடன் வேண்டுமா, பிளாட் வேண்டுமா என்பவர்கள்தான்.

"ஐயா வணக்கமுங்க. தமிழ் மன்றமுங்களா? நானு தருமபுரிங்க, ஆஸ்பத்திரி வாசல்ல..."

"அரே நஹி பாய், ராங் நம்பர் ஹை," என்று சொல்லி வைத்துவிட்டேன். கை சால்வையில் இருந்தது. காது கேட்டதே தவிர, புத்தி கேட்கவில்லை.

பக்கத்து மேஜையிலிருந்து மேடம், "யாரு?" என்றார்.

"யாரோ மேடம். தமிழ் மன்றமான்னு கேட்டார்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேடம் நாற்காலியோடு என் பக்கம் திரும்பினார். "உங்க நம்பரு அவருக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவர் தன் போனில் மன்றத்தின் தளத்தைத் திறந்தார். விரலால் தள்ளினார். சால்வை, சால்வை, மடல், மறுபடி சால்வை. அடிவரைக்கும் போனார். அந்தப் பத்து இலக்கத்தைப் பார்த்தார். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வேறு சொல் இல்லை.

"கூப்பிடுங்க," என்றார் கடைசியில்.

கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி கூப்பிட்டேன். அதே பதில்தான். மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

மெட்ரோவில் இடம் இருந்தும் மேடம் உட்காரவில்லை. "வேற என்ன சொன்னாரு?"

"ஆறு செகண்டுதான் மேடம் பேசினார்."

"அந்த ஆறு செகண்டுல யாருன்னு சொல்லியிருக்காரு, எந்த ஊருன்னு சொல்லியிருக்காரு, எங்க நிக்கேன்னு சொல்லியிருக்காரு. நாம மூணு மாசமா சைட்டு கட்டுதோம், இதுல ஒண்ணாவது சொல்லியிருக்கோமா?"

நான் நிலையங்களின் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செயலாளர் சொன்ன அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் ஒரு சிற்றூரே உட்கார்ந்திருந்தது. பாய், பிளாஸ்க், எக்ஸ்ரே உறை, போர்வை. இதில் முகம் தெரியாத ஒருவரை எப்படித் தேடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், மேடம் ஒரு சிமெண்ட் திட்டின் மீது ஏறி நின்று, முழுத் தொண்டையில், "தருமபுரிக்காரங்க யாரும் இருக்கீங்களா?" என்றார். பாதுகாவலர் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தெரியாத பெண்மணி என்பது போல நான் இரண்டடி தள்ளி நின்றேன். "சார், அங்கன என்ன செய்யுதீங்க? நீங்களும் ஏறுங்க!"

ஏறினேன். கத்தினேன். தருமபுரி வரவில்லை, விழுப்புரம் வந்தது, தேனி வந்தது, சிவகாசியிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். எல்லோர் கையிலும் ஒரு சீட்டு. "இதையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க தம்பி." மேடம் ஒரு பக்கம் படித்துச் சொல்ல, நான் ஒரு பக்கம். இந்தி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அதைத் தமிழில் சொல்ல வரவில்லை. 'வெறும் வயிறு' என்ற சொல் கிடைக்காமல், "சாப்பிடாத வயிறோட வாங்க" என்றேன். சிவகாசி அம்மாள் பெரிய மனது பண்ணிப் புரிந்துகொண்டார். தேனிக்காரர்தான் சொன்னார், தருமபுரி ஆள் ஒருவர் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் மனைவியோடு இருக்கிறார், சாயங்கால ரயிலுக்கு ஊருக்குக் கிளம்புவதாகச் சொன்னார் என்று.

ஓடினோம். ஐம்பது வயது இருக்கும். மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி அதன் மேல் தலைவைத்துப் படுத்திருந்தார். போனில் சார்ஜ் போய்விட்டதாம். மேடம் கேட்கக் கேட்க அவர் சொன்னது இது. "சீட்டை நீட்டுனன், கை காட்டி என்னமோ சொன்னாங்க, வெளிய போகச் சொல்றாங்கன்னு வந்துட்டங்க."

மேடம் சீட்டை வாங்கிப் பார்த்தார். "வெளிய போகச் சொல்லல அண்ணே, லிஃப்டைக் காட்டியிருக்காங்க. ரெண்டாவது மாடியில ஸ்கேன். இன்னைக்குத்தான். ஒரு மணிக்குள்ள."

மணி பன்னிரண்டு நாற்பது. நான் எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலியைப் பிடுங்கி வந்தேன், பிடுங்கினேன் என்பதுதான் சரி. மேடம் முன்னால், "பாயி சாப், ஜல்தி, ஜல்தி, ராஸ்தா!" என்று வழி விலக்கிக்கொண்டு போனார். தருமபுரிக்காரரின் மனைவி நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போப்பா, விழுந்திருவேன்" என்று கடைசிவரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். ஒரு மணிக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது சீட்டை வாங்கிக்கொண்டார்கள். கதவு மூடியது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். மூவருக்கும் மூச்சு வாங்கியது. அவர் எங்கள் இருவரையும் பார்த்துக் கும்பிட்டார். நாங்கள் எப்படி வந்தோம் என்று அவர் கேட்கவில்லை. மன்றத்திலிருந்து என்று மேடம் சொன்னதே அவருக்குப் போதுமாக இருந்தது. பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார்.

"சார், ஒரு உபகாரம். மன்றத்து நம்பரு சரியானதா எழுதிக் குடுங்க. அடுத்த மாசம் எங்க ஊர்லருந்து இன்னொருத்தரும் வராருங்க. எங்க அண்ணன் மகன் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொன்னான், தப்பா சொல்லிட்டான் போல. காலையில போட்டன், ஒரு இந்திக்காரரு எடுத்தாரு. பாவம், என்ன வேலையில இருந்தாரோ, தொந்தரவு பண்ணிட்டன்."

தாளில் என் நம்பர். குறுக்கே ஒரு கோடு அடித்திருந்தது.

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வரமாட்டார் என்று தெரிந்தது. பேனாவை வாங்கி, அடித்த கோட்டுக்குக் கீழே, பத்து இலக்கத்தையும் தெளிவாக எழுதிக் கொடுத்தேன்.

அவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டத்தில் கொண்டுவந்து, மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பத்தாவது எண்ணில் நிமிர்ந்தார்.

"அதே நம்பருங்களே?"

"ஆமாங்க."

"அப்ப அந்த இந்திக்காரரு?"

"நான்தாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை. என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார், தாளை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்து, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு மேடத்தின் பக்கம் சாய்ந்து, என் காதில் விழாது என்று நினைத்து, மெல்லிய குரலில் கேட்டார்.

"ஏம்மா, அடுத்த தடவை தமிழ்ல எடுப்பாருங்களா?"

"எடுப்பாரு" என்றார் மேடம், அறிவிப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.